சாய்வுப் படம்

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஏற்றுவது ஒரு வேலையே இல்லை என்பார்கள். இறக்குவதுதான் வேலை. ஏறும்போது சாமான் நம்மோடு மல்லுக்கு நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது அது ஓடப் பார்க்கும். ஒருத்தன் மேலே நின்று, சாமானைச் சுற்றிக் கட்டிய வாரை இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தன் கீழே நின்று நெஞ்சைக் கொடுத்தபடி பின்பக்கமாகவே படி இறங்க வேண்டும். கீழே இருப்பவனுக்குப் படி தெரியாது. அதனால் மேலே இருப்பவன் எண்ணிச் சொல்வான். "ஆறு... அஞ்சு... நாலு..." என்று வந்து கடைசியில் "தரை" என்பான். அந்தத் தரை காதில் விழும்வரை கீழே இருப்பவன் வாயைத் திறக்க மாட்டான்.

பெரியவரும் சின்னவரும் பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் இறக்கினார்கள். கூடப் பிறந்தவர்கள். அண்ணன் கீழே, தம்பி மேலே. எண்ணுவது தம்பி வேலை. புது வீட்டுக்குப் போனால் சின்னவர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் படியை எண்ணிவிடுவார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எண்ணுவார். பழக்க தோஷம்.

சின்னவருடைய மனைவிக்குப் படக்காரி என்று பெயர் வைத்தது பெரியவர்தான். ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வேலை. பெரிய குழாய் போன்ற அந்த மெஷினுக்குள் ஆட்களைப் படுக்க வைத்து உள்ளுறுப்பையெல்லாம் படம் எடுப்பாள். மேல்மாடியில் உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மா அந்தப் படங்களைப் பார்த்து என்ன கோளாறு என்று எழுதுவார். பதினோரு வருஷத்தில் எத்தனை முட்டிகளைப் பார்த்திருப்பாளோ, கணக்கில்லை. தெருவில் ஒருத்தர் விந்தி நடந்தால்கூட, 'உள்பக்கத்து ஜவ்வு' என்று அவள் மனசு தானாகச் சொல்லும். அப்படிப்பட்டவள் வீட்டிலேயே அது நடந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மாவா?

மழை பிடித்துக்கொண்ட முதல் வாரம் ஒரு ஃபிரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் படி நனைந்திருந்தது. சின்னவர் வலது பாதத்தை ஊன்றி உடம்பைத் திருப்பினார். பாதம் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் போனது. உள்ளே டப் என்று ஒரு சத்தம். எப்படியோ வாரை விடாமல் தரைவரை கொண்டு வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. எலும்பு டாக்டர் காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். "லேசா ஆடுற மாதிரி இருக்கு. ஆனா இவர் தொடையை இறுக்கிக்கிறாரு, சரியாச் சொல்ல முடியல. ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார்.

வேறு எங்கே எடுப்பது? பெண்டாட்டி கையாலேயே எடுத்தார்கள். 'முன் சிலுவைத் தசைநார் அறுபடாமல் உள்ளது' என்று ரிப்போர்ட் வந்தது. முட்டி நழுவாமல் உள்ளேயிருந்து பிடித்து நிறுத்துகிற நார் அது. வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. வீக்கம் வடிந்து, மூன்றாவது வாரம் சின்னவர் வேலைக்குத் திரும்பினார்.

திரும்பியவர் பழைய ஆளாக இல்லை.

"அண்ணே, நேரா இறங்கினா ஒண்ணும் இல்ல. திரும்புறப்பதான் முட்டி வழுக்குற மாதிரி இருக்கு" என்றார் முதல் நாள்.

"வலிக்குதா?"

"வலியே இல்லண்ணே. கழண்டு போயிட்டு வர்ற மாதிரி."

"வலி இல்லேன்னா என்னடா? ரிப்போர்ட்ல அறுபடலைன்னு போட்டிருக்குல்ல?"

இரண்டாம் நாள் ஒரு மேசையை இறக்கும்போது எண்ணிக்கை நடுவில் நின்றுவிட்டது. "எட்டு... ஏழு..." அப்புறம் சத்தமே இல்லை. கீழே பெரியவர் ஒற்றைக்காலைத் தூக்கியபடி சாமானை நெஞ்சில் தாங்கிக்கொண்டு, "ஏய், எண்ணுடா!" என்று கத்தினார். மேலே சின்னவர் சுவரில் முதுகைக் கொடுத்து வியர்த்து நின்றார். அன்றைக்குப் பெரியவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றார். ஒரு தடவை அடிபட்டதில் பயம் பிடித்துவிட்டது என்றார். கடைசியில் அதையும் சொன்னார்: "வீட்ல ஒருத்தி படம் எடுக்குறா, இன்னொருத்தன் படம் காட்டுறான்."

சின்னவர் அதை வந்து படக்காரியிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நானேதாங்க எடுத்தேன். படத்துல ஒண்ணும் இல்ல. உங்களுக்கு மனசுலதான் இருக்கு" என்றாள்.

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். பின்னால் அவளைப் போட்டு அறுத்தது இந்த வாக்கியம்தான். அண்ணன்காரர் சொன்னதாவது ஆத்திரத்தில் சொன்னது. இவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

வியாழக்கிழமை மதியம். பந்து விளையாடுகிற ஒரு கல்லூரிப் பெண் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழக்கமான நான்கு வரிசைப் படங்களை எடுத்து முடித்த படக்காரி, ஐந்தாவதை எந்த வாக்கில் எடுப்பது என்று திரையில் கோடு வைத்தாள். இந்த ஐந்தாவது அவளும் டாக்டரம்மாவும் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்தச் சிலுவை நார் முட்டிக்குள் நேராகப் போவதில்லை, குறுக்கே சாய்ந்து போகிறது. நேராக வெட்டினாற்போல் படம் எடுத்தால் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுசாக அறுந்திருந்தால் அதிலேயே அநேகமாகத் தெரிந்துவிடும். பாதி அறுந்தது ஒளிந்துகொள்ளும். நார் சாய்கிற வாக்கிலேயே கோட்டையும் சாய்த்து வைத்து எடுத்தால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடுவது தெரியும். கூடுதலாக ஐந்து நிமிஷம். முட்டியைத் திருகிக்கொண்டு வருகிற யாருக்கும் அவள் இதை விட்டதில்லை.

மேலேயிருந்து போன் வந்தது. "நல்ல வேளை சாய்வுப் படம் எடுத்தே. இது இல்லேன்னா நான் நல்லாருக்குன்னு எழுதியிருப்பேன். பாதிதான் பிடிச்சிட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா.

படக்காரி போனை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, சின்னவருடைய படங்களைத் தேடித் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி எண்ணினாள். நான்குதான்.

அன்றைக்கு நடந்ததெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு பேருக்கு நடுவில் அவரைச் செருகியிருந்தாள். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒருத்தர் கதவைத் தட்டி, "உங்க வீட்டு ஆளுன்னா உள்ள உக்கார வச்சுட்டுப் பேசுவீங்களோ?" என்று கேட்டுவிட்டார். அவளுக்குக் கூசிப் போயிற்று. சொந்தப் புருஷனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சின்னவரும் உள்ளேயிருந்து, "முடிஞ்சுதா? அண்ணன் வெளிய நிக்கிறாரு" என்றார். நாலு போதும் என்று இறக்கிவிட்டாள். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்த ஐந்து நிமிஷத்தை, தன் ஆள் என்பதாலேயே அவருக்குக் கொடுக்கவில்லை.

ஒரே ஓட்டமாக மாடி ஏறினாள். "மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. பழைய படங்களைத் திரையில் போட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு இடத்தில் கை நின்றது.

"இங்க பாரு. நார் கறுப்பா இருக்கணும். இந்த இடத்துல லேசா சாம்பல் பூத்திருக்கு. அன்னிக்கு இது என் கண்ல படாம இல்ல. ஓரத்துல எப்பவும் கொஞ்சம் மங்கும், அதுதான்னு தள்ளிட்டேன். எல்லாருக்கும் அஞ்சு எடுக்கிறவ இவருக்கு ஏன் நாலுன்னு நானும் கேக்கல. தப்புல எனக்கும் பங்கு இருக்கு, நீயே முழுசா எடுத்துக்காதே."

"அப்ப கிழிஞ்சிருக்கா மேடம்?"

"இதை வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. அதுதான் இதுல கஷ்டம். நாளைக்கு முதல் ஆளா கூட்டிட்டு வா. அதுவரைக்கும் அவர் எதையும் தூக்கக் கூடாது."

நாளைக்கு! நாளைக்குத்தான் வக்கீல் ஆபீஸைக் காலி செய்து இறக்கும் வேலை. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆள் உயரத்துக்கு இரும்பு பீரோ. படக்காரி அவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அண்ணனும் தம்பியும் அந்தப் படிக்கட்டைப் பார்க்கத்தான் போயிருந்தார்கள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பெரியவர் குடும்பம் கீழ்த்தளம், இவர்கள் அதற்கு மேலே. வேலை இருக்கும் வாரத்தில் எல்லோருக்கும் கீழேதான் சமையல். பெரியவரின் மனைவி, படக்காரிக்கு அக்கா முறை, முட்டையும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் தம்பியும் தரையில் உட்கார்ந்து வார்களை நீட்டிப் போட்டுத் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வேலைக்கு முந்தின நாள் இது தவறாது.

குடையைக்கூட மடக்காமல் வாசலிலேயே நின்று சொன்னாள். "நாளைக்கு இவர் பீரோவுக்கு வரமாட்டாரு மாமா."

பெரியவர் நிமிர்ந்தார். "ஏன்?"

"மறுபடி ஸ்கேன் எடுக்கணும்."

"எடுத்தாச்சே! நீதானம்மா எடுத்தே?"

"சரியா எடுக்கல."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அவள் சொல்லச் சொல்ல சின்னவர் வாரின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு, அஞ்சு, கதவைத் தட்டின ஆள், சாம்பல் பூத்த இடம், ஒன்றையும் அவள் மறைக்கவில்லை. "உங்களுக்கு மனசுலதான் இருக்குன்னு சொன்னேன். மனசு கெட்டுப்போனது எனக்குத்தாங்க" என்று சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

பெரியவருக்கு இது இன்னும் மனசில் இறங்கவில்லை. "இதென்ன கூத்து? அன்னிக்கு இல்லேங்கிறீங்க, இன்னிக்கு இருக்குங்கிறீங்க. கிழிஞ்சா கிழிஞ்சதுன்னு சொல்லுங்க, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. பாதின்னா என்ன பாதி? வக்கீலுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன். மெதுவா இறக்கினா முடிஞ்சு போச்சு. சாயங்காலமா போய் எடுத்துக்கட்டும்."

"முடியாது மாமா. முதல்ல படம், அப்புறம்தான் பீரோ."

"பத்தொன்பது வருஷமா இறக்குறோம், படம் பாத்தா இறக்கினோம்? இவன் மனசை நீயும் சேந்து கெடுக்காத. ஏற்கெனவே பயந்து சாகுறான்."

அப்போதுதான் சின்னவர் வாயைத் திறந்தார். "ஆமாண்ணே. பயந்துதான் சாகுறேன்."

"பாத்தியா? அவனே சொல்றான்."

"எதுக்குப் பயம்னு நீங்க கேக்கவே இல்லயே. எனக்கு முட்டி போச்சுன்னா நான் அங்கயேதான் உக்காருவேன், படியில. எனக்கு ஒண்ணும் ஆகாது. பீரோ எங்கண்ணே போகும்?"

பெரியவர் வாரிலிருந்து கையை எடுத்தார்.

"அன்னிக்கு மேசை இறக்குறப்ப எண்ணாம நின்னேன்ல. முட்டி ஒரு தடவை கழண்டு வந்துச்சு. கீழ உங்க தலை மட்டும் தெரிஞ்சுது. நடுவுல நரைச்சிருக்கு. அதைப் பாத்ததும் எட்டுக்கப்புறம் ஏழா, ஏழுக்கப்புறம் எட்டான்னு மறந்து போச்சு. நாலு ராத்திரியா தூக்கமில்லண்ணே. நீங்க என்னைக் கோழைன்னு சொல்லுங்க, பரவால்ல. என் கையால உங்களுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். புருஷனைப் பார்த்து, "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் எங்கயும் போகல. வக்கீலுக்குப் போன் பண்ணுங்க. இல்லேன்னா நான் பண்றேன்" என்றாள். அவள் குரலை உயர்த்துகிறவள் இல்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. பெரியவர் வாரைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

காலையில் நாலு பேரும்தான் கிளம்பினார்கள். அக்கா பாதி வழியில், மார்க்கெட் முனையில், இறங்கிக்கொண்டாள். பெரியவரும் உடன் வந்ததற்குக் காரணம் அக்கறையா சந்தேகமா என்று படக்காரிக்குப் பிடிபடவில்லை. வந்தவர் சும்மா இருந்தாரா? மெஷின் அறை வாசலில் இரும்புக் கொக்கி வைத்த இடுப்பு பெல்ட்டோடு நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார். "மாமா, இரும்போட உள்ள வந்தீங்கன்னா மெஷின்ல இருக்கிற காந்தம் உங்களை இழுத்துக்கும்" என்றாள். இரும்பைத் தூக்கியே காலம் கழித்த மனுஷர் நாலடி பின்வாங்கி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சின்னவரைப் படுக்க வைத்து முட்டியைச் சுற்றிப் படம் பிடிக்கிற பிளாஸ்டிக் கூட்டை மாட்டினாள். விறைத்து நீட்டாமல் லேசாக மடங்கி இருக்கும்படி கீழே சின்னத் தலையணை கொடுத்தாள். பாதத்தை அசையாமல் கட்டினாள். போன தடவையும் இவ்வளவும்தான் செய்தாள். ஆனால் அப்போது கை மட்டும் செய்தது.

"குளிருதா?"

"இல்ல. எத்தனை நிமிஷம்?"

"எத்தனையா இருந்தா என்ன? பேசாம படுங்க."

வெளியே நாற்காலிகள் நிரம்பத் தொடங்கியிருந்தன. யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு முடிந்தது. ஐந்தாவதுக்கு, நார் எலும்பில் தொடங்குகிற இடத்தையும் முடிகிற இடத்தையும் பார்த்து, கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். ஒரு தடவை வைத்து, மனசு ஒப்பாமல் அழித்து, மறுபடி வைத்தாள். மெஷின் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. இரண்டாவது நிமிஷத்தில் சின்னவர் கட்டைவிரலை ஆட்ட, மைக்கில் "அசையாதீங்க, அடி விழும்" என்றாள். உள்ளே அவர் சிரிப்பது வயிறு குலுங்குவதில் தெரிந்தது.

மாடியில், டாக்டரம்மா எதிரில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். திரையில் சாய்வுப் படம் இருந்தது.

"இங்க கறுப்புதான் நல்ல நிறம்" என்று டாக்டரம்மா தொடங்கினார். "இந்த நார் ரெண்டு கத்தையா போகும். முன்னால போற கத்தையைப் பாருங்க, இந்த முனையிலேர்ந்து அந்த முனைவரைக்கும் கறுப்பா ஓடுது. அதனாலதான் போன தடவை முழுசா இருக்குற மாதிரி ஏமாத்திடுச்சு. பின்னால இருக்குற கத்தையைப் பாருங்க. நடுவுல சாம்பலாகி, உப்பி, பிசிறு பிசிறா நிக்குது. சில இழை போய்ச் சேருது, சிலது சேரல. இதுதான் பாதி அறுந்தது. படத்தை மட்டும் வச்சு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா எலும்பு டாக்டர் லேசா ஆடுதுன்னாரு, இவர் திரும்புறப்ப வழுக்குதுன்னாரு, படமும் அதையே சொல்லுது. மூணும் ஒண்ணாச் சேருது."

"ஆபரேஷனா மேடம்?" என்றார் சின்னவர்.

"எலும்பு டாக்டர்தான் சொல்லணும். பாதி பிடிச்சிருக்குறதால, தொடையைப் பலப்படுத்துற பயிற்சி குடுத்துப் பாப்பாங்க. மாசக்கணக்காகும். அதுவரைக்கும் சுமையும் கூடாது, திருகுறதும் கூடாது. இதே முட்டியோட இன்னொரு தடவை திருகினா மிச்சமும் போயிடும்."

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து திரையின் அருகே போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார். வார்த் தையலைத் தடவுகிற அதே விரலைக் கண்ணாடித் திரையில் அந்தப் பிசிறின் மேல் வைத்தார். டாக்டரம்மா தடுக்கவில்லை.

"முழுசா அறுந்த வாரை எவனும் தோள்ல போட மாட்டாம்மா" என்றார் மெதுவாக. "பாத்ததும் தூக்கி எறிஞ்சிடுவான். பாதி அறுந்ததுதான் ஆளைக் கொல்லும். மேலோட்டமாப் பாத்தா நல்ல வார் மாதிரியே இருக்கும். பத்தொன்பது வருஷமா எல்லா வாரையும் தடவித் தடவிப் பாத்தேன்." விரல் அந்தப் பிசிறிலேயே நின்றது.

"விடுங்கண்ணே" என்றார் சின்னவர்.

"என்னத்த விடுறது? இந்தப் பொண்ணு செஞ்ச தப்பை இவளே வாசல்ல நின்னு சொன்னா. நான் செஞ்சதுக்கு எந்த மெஷின்ல படம் எடுக்குறது?"

படக்காரி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். கீழே அடுத்த ஆள் காத்திருந்தார்.

மாடிப்படி ஈரமாக இருந்தது. வருகிறவர் போகிறவர் குடையெல்லாம் அங்கேதான் சொட்டியிருந்தது. சின்னவர் கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் காலை வைக்கப் போனார். அதற்குள் பெரியவர் அவரைத் தாண்டி இரண்டு படி கீழே போய், திரும்பி நின்று, இரண்டு கைகளையும் அகட்டிக்கொண்டார், பீரோவைத் தாங்க நிற்பது போல.

"என்னண்ணே இது, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீ இறங்கு. எண்ண வேண்டாம், நான் எண்ணுறேன்."

பின்பக்கமாக ஒரு படி இறங்கினார். "ஒண்ணு" என்றார். இன்னொரு படி. "ரெண்டு." தம்பியின் முட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டுவரை சரியாகப் போயிற்று. திருப்பத்தில், "மெதுவா, மெதுவா, காலைத் திருகாத, உடம்போட திரும்பு" என்று சொன்னதில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. நின்றுவிட்டார்.

"எத்தனைடா மொத்தம் இங்க?"

"இருபத்திரண்டு. ஏறுறப்பவே எண்ணிட்டேன்."

"அப்ப இது எத்தனாவது?"

"பன்னெண்டு."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. "எத்தனை ஆயிரம் படி இறங்கியிருப்பேன். ஒரு படிகூட நான் எண்ணினதில்லைடா."

"அதான் நான் எண்ணினேன்லண்ணே" என்றார் சின்னவர்.

படக்காரி மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். பதிமூன்று, பதினான்கு என்று இரண்டு குரலும் சேர்ந்து இறங்குவதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசிப் படியில் பெரியவர் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார்.

"தரை."